ராட்வைலருக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது யார்?

பிட்புல், ராட்வைலர் ஆகிய இரண்டு இன நாய்களுக்கும் இனிப் புதிதாக உரிமம் கொடுப்பதில்லை என்று சென்னை மாநகராட்சி 2025 டிசம்பரில் முடிவெடுத்ததிலிருந்து, ஒன்பது ஆண்டுகள் ஒரு ராட்வைலரோடு குடித்தனம் நடத்தியவன் என்ற முறையில் என்னிடம் பலர் கருத்துக் கேட்டுவிட்டார்கள். நாய் வளர்ப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதிலையே நானும் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். "நாய் மேல் தப்பே இல்லை, வளர்ப்பவன்தான் சரியில்லை" என்பது அந்தப் பதில். அதில் முக்கால் பங்கு உண்மை இருக்கிறது. மீதிக் கால் பங்கை நாம் வசதியாக விழுங்கிவிடுகிறோம் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2013-இல் மதுரைக்கு வெளியே வீடு கட்டிக் குடியேறிய புதிதில், அக்கம்பக்கத்தில் ஆள் நடமாட்டம் இல்லை, காவலுக்கு ஒரு நாய் வேண்டும் என்று ராணியை வாங்கினேன். அப்போது அவளுக்கு 35 நாள். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அந்த விதி வருவதற்கு முன்பும் சரி, வந்த பின்பும் சரி, நம் ஊரில் குட்டிகள் பால் மறப்பதற்குள் அட்டைப்பெட்டியில் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. எவ்வளவு அழுத்திக் கடித்தால் எதிராளிக்கு வலிக்கும் என்பதை ஒரு குட்டி தன் தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் விளையாடித்தான் கற்றுக்கொள்கிறது. மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழப் பதினான்காவது வாரம் வரை அது பார்க்கிற மனிதர்களும் கேட்கிற சத்தங்களும்தான் பிற்காலத்தில் அதற்குப் பயமில்லாத உலகமாகின்றன. அந்த வாரங்களில் ராணி பார்த்தது எங்கள் வீட்டு நான்கு பேரையும் காம்பவுண்டுச் சுவரையும்தான். குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் நோய் வந்துவிடும், தடுப்பூசி முடியட்டும் என்று வெளியே கூட்டிப் போகவில்லை. தடுப்பூசி முடிந்த பிறகும் கூட்டிப் போகவில்லை. வளர வளர அவளுக்கு அந்நியர்களைக் கண்டாலே ஆகாமல் போனபோது, "ஜாதி நாய் என்றால் சும்மாவா" என்று வந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன்.

அவளுக்கு மூன்று வயதானபோது மாடியில் ஓர் அறை எடுத்தோம். வேலையாட்கள் வந்து போவதால் காலை முதல் மாலை வரை போர்டிகோவில் சங்கிலி. ஆட்கள் போன பிறகு அவிழ்த்துவிடுவேன். இப்படியே பதினைந்து நாள் போயிற்று. ஒரு மாலை, சித்தாளாக வந்துகொண்டிருந்த பத்தொன்பது வயதுப் பையன், மறந்து வைத்துவிட்டுப் போன தூக்குச்சட்டியை எடுக்கத் திரும்பி வந்தான். கேட் திறக்கும் சத்தம் கேட்டு நான் எட்டிப் பார்த்தபோது ராணி அவனுக்குப் பத்தடி தள்ளி நின்றிருந்தாள். குரைக்கவும் இல்லை, உறுமவும் இல்லை. அதுவரை நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துக்கொண்டிருந்தவள் சட்டென்று வாயை மூடினாள்; கண்ணின் ஓரத்தில் வெள்ளை தெரிந்தது; உடம்பு கல்லாக நின்றது. "ஓடாதே" என்று நான் கத்துவதற்குள் அவன் ஓடிவிட்டான். முன்கையில் பதினோரு தையல், காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்து ஊசி, பிறகு தவணை தவணையாக ரேபிஸ் தடுப்பூசி. செலவையும் இரண்டு மாதக் கூலியையும் நான் கொடுத்தேன் என்பதைச் சொல்லிக்கொள்வதில் பெருமை ஒன்றும் இல்லை.

அவள் ஏன் முன்கூட்டி உறுமவில்லை என்பது நெடுநாள் கழித்து ஒரு கால்நடை மருத்துவர் கேட்ட கேள்வியில்தான் எனக்கு விளங்கியது. "உறுமினால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். விருந்தாளிகள் வரும்போது உறுமினால் மூக்கின் மேல் ஒரு தட்டுத் தட்டி அடக்குவேன் என்றேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அவளுடைய பயத்தை நான் போக்கவே இல்லை. பயத்தை வெளியே சொல்ல அவளுக்கு இருந்த ஒரே வழியை மட்டும் மூன்று ஆண்டுகளாக அடைத்து வந்திருக்கிறேன். சரி, வாலைப் பார்த்தாவது தெரிந்துகொண்டிருக்கலாமே என்றால், அதை நான் வாங்குவதற்கு முன்பே வெட்டியிருந்தார்கள். இந்த நாயின் சொந்த நாடான ஜெர்மனியில் வால் வெட்டுவதற்கு 1998 முதல் தடை, நம் ஊரிலோ வாலுள்ள ராட்வைலரைப் பார்த்தால் "கிராஸா?" என்று கேட்கிறார்கள். செய்திகளில் "திடீரெனப் பாய்ந்து கடித்தது" என்று படிக்கும்போதெல்லாம், அந்தத் 'திடீர்' எத்தனை மாதங்களாகத் தயாரானது என்றுதான் இப்போது எனக்கு யோசனை ஓடுகிறது.

ஆக, முக்கால் பங்கு குற்றம் என்னுடையது. கால் பங்கு இங்கேதான் வருகிறது. இதே தவறுகளையெல்லாம் ஒரு பொமரேனியனிடம் செய்திருந்தால் அதுவும் கடித்திருக்கும். சொல்லப்போனால் ராணியைவிட அடிக்கடி கடித்திருக்கும். ஆனால் அந்தப் பையன் மறுநாளே வேலைக்கு வந்திருப்பான். ராணி 42 கிலோ. ஆண் நாய் 50 கிலோவைத் தாண்டும். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்காவில், காவலாளியின் 5 வயது மகளை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறியபோது, கட்டாமல் விட்ட உரிமையாளர்மேல்தான் தவறு என்று நாய்ப் பிரியர்கள் எழுதினார்கள். அது உண்மைதான். அதே பொறுப்பில்லாத கைகள் அதே பூங்காவில் இரண்டு பக் நாய்களை அவிழ்த்துவிட்டிருந்தால் அந்தச் செய்தியே வந்திருக்காது என்பதும் உண்மைதான். இந்த இரண்டாவது உண்மையைச் சொன்னால் நாயைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அந்தக் குழந்தையின் தாய் தகப்பன் முன்னால் நின்று "ராட்வைலர் ரொம்பப் பாசமான நாய்ங்க" என்று நம்மால் சொல்ல முடியுமா?

ராட்வைலர், மடியில் வைத்துக் கொஞ்சுவதற்காக உண்டாக்கிய நாய் அன்று. தென் ஜெர்மனியில் உள்ள ரோட்வைல் என்ற ஊரின் பெயர் அதற்கு வந்ததே, அங்கிருந்த கசாப்புக்காரர்கள் மாடு ஓட்டவும் இறைச்சி வண்டி இழுக்கவும் காவலுக்கும் அதை வைத்திருந்ததால்தான். முரட்டு மாட்டுக்கு முன்னால் பின்வாங்காமல் நிற்பதும், உடம்பால் மோதித் தள்ளுவதும், தன் எல்லைக்குள் யாரையும் எளிதில் விடாமல் இருப்பதும் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்த குணங்கள். இதை ஜெர்மானியர்கள் மறைக்கவில்லை. 1921-இல் தொடங்கிய அவர்களுடைய ராட்வைலர் சங்கம், தாய் தகப்பன் இரண்டும் குணத்தேர்வில் தேறினால்தான் குட்டி எடுக்க அனுமதிக்கிறது. எதற்கெடுத்தாலும் மிரள்கிற நாயும் காரணமில்லாமல் சீறுகிற நாயும் அங்கேயே கழிந்துவிடும். நம் ஊரில் குட்டி எடுப்பவரிடம் போனால் மண்டை எவ்வளவு பெரியது, அப்பா இறக்குமதியா என்பதுதான் பேச்சு. தாயை நேரில் காட்டச் சொன்னால் "அது வேற இடத்துல இருக்கு சார்" என்பார்கள். வம்சாவளிச் சான்றிதழில் பாட்டன் பூட்டன் பெயரெல்லாம் இருக்கும்; அந்தப் பாட்டன் யாரையாவது கடித்தானா என்பது இருக்காது. இனமா, வளர்ப்பா என்று நாம் சண்டை போடும்போது, நடுவில் காசு வாங்கிக்கொண்டு போன இந்த மனிதரை யாரும் கேள்வி கேட்பதில்லை.

குணத்தில் இனத்தின் பங்கு எவ்வளவு என்பதற்கு 2022-இல் சயன்ஸ் இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி உரிமையாளர்களிடம் கேட்டு, 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் பார்த்ததில், ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் இடையே உள்ள நடத்தை வேறுபாட்டில் 9 சதவீதத்தை மட்டுமே இனம் விளக்குகிறது என்று தெரிந்தது; எவ்வளவு எளிதில் ஆத்திரப்படும் என்பதற்கும் இனத்துக்கும் ஏறக்குறைய சம்பந்தமே இல்லை. நாய்ப் பிரியர்கள் இதை எங்கும் பகிர்கிறார்கள். நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆய்வு அளந்தது குணத்தை. கடித்தால் எத்தனை தையல் என்பதை அன்று.

பெயர் கெடுவதில் வேடிக்கையான விஷயம், அது ஓர் இனத்திடமே தங்குவதில்லை. இன்று போலீஸ் நாய் என்று நாம் மரியாதையாகப் பார்க்கும் ஜெர்மன் ஷெப்பர்டை, டிங்கோ என்ற அந்நாட்டுக் காட்டு நாயோடு கலந்து ஆடுகளை அழித்துவிடும் என்று பயந்து ஆஸ்திரேலியா 1929-இல் இறக்குமதி செய்யக் கூடாதென்று தடுத்தது. அந்தத் தடை நீங்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நான் சிறுவனாக இருந்தபோது 'டாபர்மேன் எஜமானையே கடிக்கும்' என்று பயமுறுத்துவார்கள். இன்னொரு பக்கம், நம் தேனிப் பக்கத்துக் கோம்பை அந்நியனைக் கண்டால் விடாது என்பதை மீசையை முறுக்கிக்கொண்டு சொல்கிறோம். அதே குணம் நம் மண்ணின் நாயிடம் இருந்தால் வீரம், வெளிநாட்டு நாயிடம் இருந்தால் கொலைவெறி. பிறப்பே குணம் என்ற நினைப்பு நமக்குப் புதிதல்ல என்பதற்கு, இன நாயை 'ஜாதி நாய்' என்றே நாம் சொல்லி வருவது ஒன்றே போதும்.

தடையைப் பற்றி. 2024 மார்ச்சில் மத்திய கால்நடைத் துறை 23 வகை நாய்களைத் தடைசெய்யச் சொல்லி மாநிலங்களுக்கு அனுப்பிய கடிதத்தில் டோசா இனு ஒரு முறையும் ஜப்பானிய டோசா ஒரு முறையும் இருந்தன. இரண்டும் ஒரே நாய். 'டெரியர்கள்' என்று மொத்தமாகவும் ஒரு சொல் இருந்தது; கைப்பையில் அடங்கும் யார்க்ஷயர் டெரியரும் அதில் வந்துவிடும். தொடர்புடையவர்களைக் கலந்துகொள்ளவில்லை என்று அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிரிட்டன் 1991-இல் பிட்புல் உட்பட நான்கு வகைகளுக்குத் தடை போட்டது. முரட்டு நாய்தான் வேண்டும் என்றவர்கள் பட்டியலில் இல்லாத நாயைத் தேடினார்கள். பிட்புல் வழியில் வந்த எக்ஸ்எல் புல்லி என்ற பெரிய நாய் வந்தது. 2023-இல் அதையும் பட்டியலில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஆனாலும் சென்னையின் முடிவை நான் முழுவதாக எதிர்க்கவில்லை. 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் இறந்த பிறகு மாநகராட்சி கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. எனக்குள்ள குறை ஒன்றுதான்: நாயின் இனத்தைப் பார்க்கிறார்கள், வாங்குகிறவரின் வீட்டைப் பார்ப்பதில்லை. 30 கிலோவைத் தாண்டும் எந்த நாய்க்கும் உரிமம் கேட்பவர், பகலில் வீட்டில் யார் இருப்பார், சுவர் எவ்வளவு உயரம், நாயைப் பிடித்து நடத்தத் தெரியுமா என்று ஓர் ஆய்வாளர் முன் காட்டட்டும். நானே 2013-இல் அதில் தேறியிருக்க மாட்டேன்.

சென்ற மாதம் திண்டுக்கல் பக்கத்திலிருந்து தூரத்துச் சித்தப்பா ஒருவர் கூப்பிட்டார். தோப்பு வீட்டுக்குக் காவலுக்கு ஒரு ராட்வைலர் குட்டி வேண்டுமாம். மெட்ராஸில் தடை வந்துவிட்டதால் விலை இறங்கியிருக்குமே என்றார். பகலில் அங்கே யார் இருப்பார்கள் என்று கேட்டேன். யாரும் இல்லை, தோட்டக்காரர் சோறு வைத்துவிட்டுப் போவார் என்றார். நடக்கக் கூட்டிப் போவது யார் என்று கேட்டேன். "எட்டு ஏக்கர் தோப்பு கிடக்கு, அதுக்கு மேல எங்க நடக்கணும்?" என்றார். நான் என் கதையை, பதினோரு தையல் உட்பட, பொறுமையாகச் சொல்லி, கேமரா வைத்துக்கொள்ளுங்கள் சித்தப்பா என்று முடித்தேன். யோசிப்பதாகச் சொன்னார். பத்து நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது: தென்னை மரத்தில் கட்டிய சங்கிலி, அதன் மறுமுனையில் நாற்பது நாள்கூட நிறையாத ஒரு குட்டி. ராட்வைலர் அளவுக்கே வளரும் கேன் கோர்சோ என்ற இத்தாலியக் காவல் நாய். கீழே எழுதியிருந்தார்: "இதுக்குத் தடை ஒண்ணும் இல்லையாம் தம்பி."