பேரை மட்டும் அழித்தால் ஆள் மறைய மாட்டார்

இலங்கைத் தமிழர் அகதி முகாமில் ஒரு டீம் எடுத்த சர்வேயின் ஷீட், ஒவ்வொருவர் பதிலும் ஒரு வரியாக, வாட்ஸ்அப்பில் சுற்றியதைப் பற்றி எல்லாரும் பேசியாச்சு. நான் வாயைத் திறக்கவில்லை. நேற்று அந்த டீமில் ஒருவர், "பேரை எடுத்துட்டுத்தானே போட்டோம், இதுல என்ன பிரைவசி போச்சு?" என்று எழுதியிருந்ததைப் படித்தபிறகு சும்மா இருக்க முடியவில்லை.

பேரை எடுத்தால் ஆள் மறைய மாட்டார். முகாமில் மறையவே மாட்டார்.

உண்மையான வரியை இங்கே போட மாட்டேன். மாதிரிக்கு ஒன்று: பெண், 48, தலைமன்னார், 1990-இல் வந்தவர், திரும்பிப் போய் 2016-இல் மறுபடி படகில் வந்தவர், கணவர் பெயின்ட் வேலை. தாரமங்கலம் பக்கம் குறுக்குப்பட்டி முகாமில் இதைப் படித்துக் காட்டுங்கள். குழாயடியில் நிற்கிறவர்களே வீட்டைக் கைகாட்டிவிடுவார்கள். பேர் எதற்கு?

அந்த 'வந்த ஆண்டு' கட்டம்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. புதிய குடிவரவுச் சட்டத்தோடு, பாஸ்போர்ட், விசா இல்லாமல் வந்ததற்கு 2025-இல் கொடுத்த விலக்கு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்குத்தான். பிறகு வந்தவர் அதற்குள் வரமாட்டார். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்தே போடவில்லை. அப்படியிருக்க, ஆண்டையும் படகையும் ஒரே வரியில் எழுதி ஊருக்கு அனுப்பினால் அது வாக்குமூலம் இல்லாமல் வேறென்ன? ஆண்டைப் பத்துப் பத்தாகச் சேர்க்க வேண்டும், 2010 முதல் 2019 என்று. '2015-க்கு முன், பின்' என்று பிரித்தால் சட்டம் கிழித்த கோட்டிலேயே ஆளை நிறுத்துகிறீர்கள். வயதையும் அப்படித்தான் சேர்க்க வேண்டும். ஊருக்குப் பதில் மாவட்டம் போதும். எல்லாம் சேர்த்துப் பார்த்து 5 பேருக்குக் குறைவாக விழும் தொகுதியைப் பக்கத்துத் தொகுதியோடு சேர்த்துவிட வேண்டும்.

போனில் சர்வே எடுக்கும் கோபோ டூல்பாக்ஸில் எடுத்தோம், பத்திரம் என்கிறார்கள். பேட்டி தொடங்கிய நேரம், முடிந்த நேரம், போனின் அடையாள எண் எல்லாம் அதில் ஏறும். ஷீட்டில் அப்படியேதான் இருந்தது. செவ்வாய்க்கிழமை 10.40-க்கு எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தீர்கள் என்று அந்த வரிசை வீட்டுக்காரர்களுக்கே தெரியாதா?

"கையெழுத்து வாங்கினோமே." அதுதான் பெரிய தப்பு. அந்தத் தாளில்தான் பேர் இருக்கிறது, அதையும் அச்செடுத்த விடைத்தாளோடு பின் அடித்து வைத்திருந்தீர்கள். இந்த மாதிரி வேலையில் சம்மதத்தை வாயால் கேட்டு, கேட்டவர் கையெழுத்துப் போடுவதுதான் முறை. அதுவும் முகாம் தலைவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டா கேட்பது? அதிகாரிகள் தலை எண்ணும் தணிக்கை நாளில் ஆள் இல்லையென்றால், அரசு மாதந்தோறும் தரும் பணக்கொடை நின்றுவிடும் என்ற பயத்திலேயே வாழ்கிறவர்கள். யார் வந்து நோட்டை விரித்தாலும் பதில் சொல்லிப் பழகியவர்கள். அவர்கள் தலையாட்டியதைச் சம்மதம் என்று சொல்லாதீர்கள். கேட்கவே கூசுகிறது.

சட்டம் ஆராய்ச்சிக்கு விலக்கு தருகிறது என்று ஒரு வழக்கறிஞர் தம்பி வருவார். தருகிறது தம்பி, 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில். அந்தத் தகவலை வைத்து அந்த ஆளைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது, பாதுகாப்புத் தரங்களைக் கடைப்பிடிக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு. வாட்ஸ்அப்பில் போனபிறகு யார் என்ன முடிவெடுப்பார் என்பது உங்கள் கையிலா இருக்கிறது? விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் உண்டு என்பதும் சரிதான். ஆனால் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-லேயே சொல்லிவிட்டது. அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு 'குடிமகன்' என்று சொல்லவில்லை, 'நபர்' என்றுதான் சொல்கிறது.

"இப்படியே பேசினால் அவங்க கஷ்டம் யாருக்குத் தெரியும்?" தெரியட்டும், நானும் அதைத்தான் கேட்கிறேன். நம்மை நம்பிச் சொன்னவர்கள் அடுத்த முறை கதவைச் சாத்திக்கொண்டால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

இன்றைக்கே செய்யுங்கள். குரூப்பில் அழித்தால் போதாது. ஒவ்வொரு போனிலும் இறங்கிய ஃபைல், டிரைவ் பேக்கப் இரண்டையும் அழிக்கச் சொல்லுங்கள். சம்மதத் தாளைத் தனியே பிரித்துப் பூட்டி வையுங்கள். பிறகு தலைவர் இல்லாமல் அந்த வீடுகளுக்குப் போய், என்ன வெளியே போனது என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். "என் பதிலை எடுத்துடுங்க" என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேட்காமல் எடுத்துவிடுங்கள்.