வயித்து வலின்னு சொல்லி எத்தன நாள் மறைப்பீங்க

நம்ம தருமபுரி பக்கம் யாராவது சாகத் துணிஞ்சு பொழச்சு வந்துட்டா, வீட்ல மொதல்ல ரெடி பண்றது ஊருக்குச் சொல்ல ஒரு காரணம். தீராத வயித்து வலி. பாலக்கோட்ல தக்காளி வெல விழுந்து கடன்ல மாட்டுனவருக்கும் வயித்து வலி, கட்டிக்குடுத்த வீட்ல நொந்துபோன பொண்ணுக்கும் வயித்து வலி, நீட் மார்க் வராத பையனுக்கும் அதேதான். கேட்டா கேஸ் ஆயிடும்பாங்க. அட, 2017 மனநலச் சட்டம் 115வது பிரிவே அவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்ததாதான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சை குடுக்கறது அரசாங்கத்தோட கடமைன்னு சொல்லுது. சாக முயற்சி பண்ணா தண்டனைன்னு சொன்ன பழைய 309வது பிரிவும் 2024 ஜூலையில வந்த புதுக் குற்றவியல் சட்டத்துல இல்ல. ஆஸ்பத்திரியில இருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் போகும், போலீஸ் வந்து எழுதிக்குவாங்க, அது வேற.

எனக்குக் கோவம் என்னன்னா, இந்தப் பொய்யக் காப்பாத்தவே மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போக மாட்டேங்கறாங்க. போனா தெரிஞ்சுடுமாம்.

பென்னாகரம் பக்கம் எங்க சொந்தத்துல ஒரு அக்கா, பெரியாஸ்பத்திரியில குடுத்த மாத்திரை அட்டைய அரிசி டப்பாக்குள்ள பொதச்சு வெச்சிருந்துச்சு, நாத்தனார் பாத்துடக் கூடாதுன்னு. ஒரு வாரம் போட்டுட்டு ஒண்ணும் கேக்கலன்னு நிறுத்திடுச்சு. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யவே ரெண்டு மூணு வாரம் ஆகும், நல்லாயிட்ட மாதிரி இருந்தாலும் டாக்டரக் கேக்காம நிறுத்தக் கூடாது, இத அதுக்கு யாரும் பொறுமையா சொல்லல. இப்ப மாமாவே தண்ணி மொண்டு குடுக்கறாரு, அக்கா நூறு நாள் வேலைக்குப் போயி அங்க எல்லாரையும் அதட்டிட்டு இருக்கு.

அப்புறம் இந்த ஹார்லிக்ஸ் பாட்டிலோட பாக்க வர்றவங்க. "புள்ளைங்கள நெனச்சுப் பாத்தியா"ன்னு கேக்கறதுக்கு வராமலே இருக்கலாம். ஆஸ்பத்திரியில இருந்து வந்த மொத சில வாரம்தான் ரொம்ப கவனமா இருக்க வேண்டிய நேரம். தனியா இருக்கறப்ப "இன்னும் அந்த நெனப்பு வருதாக்கா"ன்னு நேராவே கேளுங்க, கேட்டா தூண்டிவிட்ட மாதிரி ஆயிடாது. வயக்காட்டு மருந்து வீட்ல இருந்தா பூட்டி சாவிய வேற ஆள்கிட்ட குடுங்க.

ராத்திரி பகல் எந்நேரமும் 14416, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், தமிழ்லயே பேசுவாங்க, காசு கெடையாது. நம்ம தமிழ்நாட்டு மருத்துவ உதவி எண் 104ம் இருக்கு. பெரியாஸ்பத்திரிக்குத் தனியா போகக் கூச்சமா இருந்தா இன்பாக்ஸ்ல வாங்க, ஓபி சீட்டு வரிசையில நான் நிக்கறேன், யார் கேட்டாலும் எனக்குத்தான் பாக்க வந்தோம்னு சொல்லிக்கலாம்.