எம்ஜிஆர்னுதான் மொதல்ல நெனச்சோம்

இந்திரா காந்தி செத்த அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்கன்னு உங்க கட்டுரையில வாசகங்களக் கேட்டிருக்கீங்க சார், அதான் எழுதுதேன். 1984 அக்டோபர் 31, நான் திருநெல்வேலிப் பக்கம் முக்கூடல்ல ஏழாப்பு. மத்தியானம் திடீர்னு லாங் பெல் அடிச்சு எல்லாரும் வீட்டுக்குப் போங்கலேன்னு வெரட்டிட்டாவ, காரணம் சொல்லல. வெளிய வந்தா கடையெல்லாம் அடைக்காவ. அப்ப எம்ஜிஆர் சென்னை அப்பல்லோவுல சீரியஸா கெடந்தாருல்லா, அவருதான் போயிட்டாருன்னு தெருவே முடிவு பண்ணிட்டு. எங்க பெரியம்மா பீடி சுத்துத சொளவு மடியில இருக்கதையே மறந்து எந்திச்சு மாருல அடிச்சு அழுதா, தூளும் வெட்டுன எலையும் திண்ணையெல்லாம் சிந்திட்டு. டீக்கடைக்காரரு வந்து "எம்ஜிஆர் இல்லக்கா, இந்திராம்மா"ன்னு சொன்னதும் ஒரு நிமிசம் நிறுத்திட்டு, அப்புறம் அதுக்கும் அழுதா!

இந்திராம்மாவ காலையில ஒம்பதரை வாக்குல சொந்த பாடிகார்டு ரெண்டு பேரு சுட்டது. பிபிசி முன்னாடியே சொல்லியும் ஆகாசவாணி செத்துட்டாங்கன்னு சொன்னது சாயங்காலந்தான், அதுவரைக்கும் ஊர்ல ஆளாளுக்கு ஒரு கதை.

பீடிக்கடை அடைச்சதால கட்டுன பீடியக் கொடுக்க முடியல, எலையும் கெடைக்கல. எங்க தெருவுக்கு துக்கம்னா அந்தக் கூலி போனதுந்தான், இத யாரும் எழுத மாட்டாவ.

இன்னொண்ணு, சுட்ட பாடிகார்டுங்க சீக்கியங்கன்னு அடுத்த நாலு நாளுல டெல்லில மட்டும் 2,733 சீக்கியங்களக் கொன்னதா அரசாங்கக் கணக்கே இருக்கு. கட்டுரையில அத ஒரே வரியில தாண்டிட்டீங்களே, ஏன் சார்? அன்னைக்கு எங்க இருந்தீங்கன்னு அந்த சீக்கியக் குடும்பங்ககிட்டயும் கேட்டு எழுதுங்க.