சாமி வந்தாச்சு, ரீடிங் வரவில்லை

"ஏதாவது மாத்தினீங்களா சார்? ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

நேற்று மட்டும் ஒரு மகராசன் போனில் இதைச் சொல்ல ஆறு தடவை கேட்டேன். ராணிப்பேட்டை கத்திரி வெயிலில், தோல் கழிவுநீர்த் தொட்டி ஓரமாக. ஒரு கையில் மல்டிமீட்டர், ஒரு கை மூக்கில், போன் தோளுக்கும் காதுக்கும் நடுவே. தண்ணீர் ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோமீட்டர் முகத்தில் எண் ஜம்மென்று ஓடுகிறது. கண்ட்ரோல் ரூம் திரையிலோ வெறும் கேள்விக்குறி. பத்து தடவைக்கு ஒரு தடவை ரீடிங் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். அதுதான் கொடுமை. ஒரேயடியாகச் செத்திருந்தால் நிம்மதியாக அழுதிருப்பேன்.

கருவிகள் எல்லாம் ஒரே கேபிளில் கண்ட்ரோல் ரூமோடு பேசும் முறைக்கு மோட்பஸ் என்று பெயர். அதன் இரண்டு வயரில் ஒரு கம்பெனி ஏ என்பதை இன்னொரு கம்பெனி பி என்னும் என்பதால் மாற்றிப் போட்டேன். இருந்ததும் போச்சு. திரும்ப மாற்றினேன். கேபிளின் இரண்டு முனையிலும் சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்கும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா? இருக்கிறது. பேசும் வேகமான பாட் ரேட் 9600, பிழை பார்க்கும் பேரிட்டி ஈவன், சரி. கேபிளின் உலோக உறையான ஷீல்டு ஒரு பக்கம்தான் எர்த். அப்புறம் பம்ப் வேகத்தை மாற்றும் டிரைவின் பவர் கேபிள் மேல் சந்தேகம், சிக்னலைக் கெடுக்கிறதோ என்று. சிக்னல் கேபிளை அதைவிட்டுத் தள்ளிக் கட்டினேன், முழங்கை சிராய்த்ததுதான் மிச்சம்.

ஆறு மணி நேரம். கடைசியில் வெறுத்துப்போய் ஒவ்வொரு கருவியாகக் கழற்றினேன். நாலாவதாகப் புது பிஹெச் மீட்டரைக் கழற்றியதும் ஃப்ளோ ரீடிங் பளிச்! மாட்டினால் காணோம். மெனுவைத் திறந்தால் ஸ்லேவ் ஐடி, அதாவது கருவியைக் கூப்பிடும் நம்பர், 1. ஃப்ளோமீட்டருக்கும் 1. வாத்தியார் செல்வம் என்றதும் இரண்டு செல்வமும் ஒரே நேரத்தில் "உள்ளேன் ஐயா" என்று கத்தினால் அவருக்கு என்ன புரியும்? 1 முதல் 247 வரை நம்பர் கொட்டிக் கிடக்கிறது ராசா, ஒன்றை மாற்ற விரல் வலித்ததா?

சனிக்கிழமை நான் லீவில் இருந்தபோது அதை மாட்டிவிட்டுப் போனது யார்? போனில் "ஏதாவது மாத்தினீங்களா" என்று கேட்ட அதே மகராசன்! "ஓ, அதைச் சொல்ல மறந்துட்டேன் சார்."

தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று எங்கள் வேலூரைக் கிண்டல் பண்ணுவார்கள். சாமிகூட 1981இல் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். இந்த ஆள்களுக்குப் புத்தி எப்போது திரும்பும்?

சாயங்காலம் நாலு மணிக்குப் பசியோடு பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தேன். கத்திரிக்காய் வைக்கவில்லை. கடைக்குப் போன் பண்ணினால், "செக் பண்ணீங்களா சார்?"