கொலாபாவுக்கு ஒற்றை வரிதானா?

மும்பையில் மூடப்பட்ட ரயில் நிலையங்களைப் பற்றிய கட்டுரையில் கொலாபாவை, 'பயணிகள் குறைந்ததால் மூடப்பட்டது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அது சரியல்ல. பேக்பே கடலைத் தூர்த்து மனை போடும் திட்டத்துக்கு நிலம் வேண்டியிருந்தது. தண்டவாளம் குறுக்கே கிடந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், கொலாபாவிலிருந்து போரிவிலி வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியதே 1928 ஜனவரி 5 அன்றுதான். மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை, 1930 டிசம்பர் 31-உடன் நிலையத்தையே மூடிவிட்டார்கள். கம்பி இழுத்த கையோடு கடையைக் கட்டிய கதை! அதே மாதம் நெடுந்தூர ரயில்களுக்கு பம்பாய் சென்ட்ரல் திறக்கப்பட்டது. வழியில் ஒரு நிறுத்தமாக இருந்த சர்ச்கேட், கடைசி நிலையமானது.

மாட்டுங்காவிலிருந்து, கொலாபாவை ஒட்டிய கஃப் பரேடுக்கு 22 வருடம் வேலைக்குப் போனவன் நான். தினமும் சர்ச்கேட்டில் இறங்கி ஷேர் டாக்சி வரிசையில் நிற்கும்போது, அந்தத் திட்டம் போட்டவர்களை மனதாரத் திட்டியிருக்கிறேன். டாக்சி பத்வார் பார்க்கைத் தாண்டும். ரயில்வே அதிகாரிகளின் அந்தக் குடியிருப்பு நிற்பது பழைய நிலையத்தின் நிலத்தில்தான். எதிரே மச்சிமார் நகரிலிருந்து கருவாட்டு வாடை வண்டிக்குள் ஏறும். ஜன்னலை ஏற்றவும் மனம் வராது, திறந்து வைக்கவும் முடியாது. 2025 அக்டோபரில் மெட்ரோ கஃப் பரேடு வரை வந்துவிட்டது, நான் ஓய்வு பெற்ற பிறகு!

கொலாபா நிலையத்தின் பழைய டிக்கெட் யார் வீட்டுப் பெட்டியிலாவது கிடக்கிறதா? இருந்தால் படம் எடுத்துப் போடுங்களேன்.