மேடையில் ஆடியவருக்கு மேடையில் மரியாதை செய்யுங்கள்

சனிக்கிழமை ராத்திரி பக்கத்து ஊர்த் திருவிழாவில் நடந்ததை நான் மறுபடி விவரிக்கப் போவதில்லை. அந்த வீடியோ வராத வாட்ஸப் குழு மாயவரம் சுற்றுவட்டாரத்தில் இல்லை. பரதம் ஆடிய பிள்ளைகளுக்கு மேடையில் வரிசையாகப் பொன்னாடை போட்டார்கள். அடுத்து நள்ளிரவு வரைக்கும் கரகம் ஆடிய அக்காவுக்கு ஜெனரேட்டர் பக்கத்தில் வைத்து ஒரு கவரை நீட்டினார்கள். "எனக்கும் ஒரு துண்டு போடுங்கய்யா" என்று அவர் கேட்டதற்கு விழாக்குழுப் பெரியவர் மைக்கிலேயே சொன்னார்: "ஆட்டக்காரிக்கெல்லாம் பொன்னாடையா?"

அந்த மைக் எங்கள் மைக். மைக் செட்டுக்காரன் நான். மூன்று நாளாக அந்தக் குரல் காதை விட்டுப் போகவில்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். மேடையில் ஆடியவருக்கு மேடையில் மரியாதை செய்யுங்கள். இருநூறு ரூபாய்த் துண்டு போதும். கூட்டம் பார்க்கப் போடுங்கள்.

அந்த அக்கா ஆடியதை நீங்கள் கீழே நாற்காலியில் இருந்து பார்த்தீர்கள். நான் பக்கவாட்டில் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்று பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் கரகத்தின் உச்சியில் இருக்கிற கிளிதான் கண்ணுக்கு நேராக வரும். நையாண்டி மேளம் உச்சத்துக்குப் போகிறது, உறுமி இழுக்கிறது, கீழே சலங்கை தவிலை விடாமல் துரத்துகிறது, மேலே கிளி நின்ற இடத்தில் நிற்கிறது. அப்படியே முதுகை வளைத்து, தரையில் கிடந்த நோட்டைக் கண்ணிமையால் எடுத்தார். அப்போதும் குடம் நழுவவில்லை. எழுந்தபோது கழுத்து நரம்பு புடைத்திருந்தது, மூச்சு வாங்கியது, முகத்தில் மட்டும் சிரிப்பு மாறவில்லை. சலங்கைச் சத்தம் கேட்க வேண்டும் என்று மேடை விளிம்பில் தாழ்வாக ஒரு மைக் வைப்பது அப்பா காலத்துப் பழக்கம். பரதத்துக்கு வைத்த அதே மைக்கை, அதே இடத்தில், கரகத்துக்கும் வைத்தேன்.

இதற்குள் சிலர் "பரதமும் கரகமும் ஒன்றா?" என்று கிளம்பிவிட்டார்கள். ஒன்று என்று நான் எங்கே சொன்னேன்? என் மகளே பரதம் கற்றுக்கொள்கிறாள். அன்றைக்கு ஆடிய பிள்ளைகள் நன்றாகத்தான் ஆடினார்கள், அவர்களுக்குப் போட்ட பொன்னாடையில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் பரதத்துக்கு இன்று கிடைக்கிற மரியாதை என்றைக்கும் இருந்ததா? சதிர் என்று சொல்லி ஒதுக்கிவைத்த ஆட்டம்தானே அது? பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்கள் தஞ்சாவூர் அரண்மனையில் வகுத்த முறையைத்தான் இன்றும் அரங்கேற்றத்தில் ஆடுகிறார்கள். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் வழுவூர் ராமையா பிள்ளையும் நம் பக்கத்து நட்டுவனார்கள், நாட்டியம் சொல்லிக்கொடுத்த ஆசான்கள். மாயவரத்தில் பிறந்த கமலா வழுவூராரிடம் கற்று, 1947-ல் 'நாம் இருவர்' படத்தில் ஆடினார். நாடே பார்த்தது. சினிமாவில் ஆடியவர் என்று ஒதுக்காமல் 1970-ல் அவருக்குப் பத்மபூஷண் கொடுத்தார்கள். கோயிலோ மேடையோ சினிமாவோ, ஆடியவரை ஆடியவராகப் பார்த்தால் போதும்.

"கரகம் ஆபாசமாகிவிட்டது, இரட்டை அர்த்தம் பேசுகிறார்கள்" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். சில இடங்களில் அப்படி நடக்கிறது, மறுக்கவில்லை. அப்படிப் பேசச் சொல்லி முன்வரிசையிலிருந்து விசிலடிப்பது யார்? மேடையோரம் நிற்கிற எனக்கு முகங்கள் தெரியும். அந்த அக்கா சனிக்கிழமை அப்படி ஒரு வார்த்தை பேசவில்லை. அதையும் அந்த வீடியோவிலேயே பார்க்கலாம்.

"பேசிய பணத்தைக் கொடுத்தாயிற்றே" என்பவர்களுக்கு: பணம் கூலி. மரியாதை வேறு.

திருவிழா நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். பந்தல் உபயம், மாலை உபயம், சுண்டல் உபயம் எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கிறது. பரதக் குழுவுக்குப் போட்டோவே இருக்கிறது. கடைசியில் "இரவு 10 மணிக்குக் கரகாட்டம் நடைபெறும்" என்று ஒரு வரி. யார் ஆடுகிறார்? பெயர் இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ராஜராஜன் பெரிய கோயிலில் 400 ஆடல் பெண்களைக் குடியமர்த்தினான். ஒவ்வொருவர் பெயரும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், தெருவில் எந்தச் சிறகில், அதாவது எந்த வரிசையில், எத்தனையாவது வீடு என்பதும் கல்லில் வெட்டியிருக்கிறது. ஆளுக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல். அந்தக் கோயிலைக் காட்டித்தானே நாம் பெருமை பேசுகிறோம்? ஒரு காகிதத்தில் ஒரு பெயர் போட நமக்கு ஏன் மனசு வரவில்லை?

'தில்லானா மோகனாம்பாள்' எந்த சேனலில் போட்டாலும் எங்கள் வீட்டில் வேலை நின்றுவிடும். பத்மினி ஆட ஆரம்பித்தால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவார். திருவாரூர் மோகனாவுக்கு அழுகிறோம், மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணிக்குக் கைதட்டுகிறோம். 1989-ல் 'கரகாட்டக்காரன்' வந்தபோது இந்த ஊரே கொட்டகையில்தான் கிடந்தது. திரையில் ஆடினால் கொண்டாடுகிற நாம், நம் தெருவுக்கே வந்து ஆடுகிறவரை ஏன் இப்படி நடத்துகிறோம்?

சின்ன வயதில் அப்பாவோடு குழாய் ஸ்பீக்கர் கட்டப் போவேன். ஆட்டம் முடிந்ததும் அவர்கள் எங்கே உடை மாற்றுவார்கள் தெரியுமா? வேன் மறைவில், இரண்டு தென்னந்தட்டிக்கு நடுவில். ஒரு பெண் புடவையைத் திரையாகப் பிடித்து நிற்பார், இன்னொருவர் மாற்றுவார். டார்ச் அடித்துப் பார்க்கிற பசங்களை அப்பா விரட்டிக்கொண்டே இருப்பார். விரட்டினதற்காக ஒருமுறை ஊர்க்காரர் ஒருவரிடம் அடிகூட வாங்கினார். இன்றைக்கும் அந்தத் தட்டிதான். கழிப்பறைக்குப் பக்கத்து வீட்டில் கேட்டால் கதவைச் சாத்துகிறார்கள். சனிக்கிழமையும் சாத்தினார்கள். இது வீடியோவில் வரவில்லை, நான் பார்த்தேன்.

"மைக் செட்டுக்காரனுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று நேற்று ஒருவர் போனில் கேட்டார். முப்பது வருஷமாக இந்த மேடைகளுக்குப் பக்கத்தில் நிற்கிறவன் நான். நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

அந்தப் பெரியவர் அதே மைக்கில் அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். மைக்கை இலவசமாகவே கொண்டுவந்து வைக்கிறேன். அடுத்த வருஷ நோட்டீஸில் கரகம் ஆடுகிறவர் பெயரும், அவர் உடை மாற்ற ஒரு அறையும் இல்லையென்றால் எங்கள் செட்டு அந்த ஊருக்கு வராது. அட்வான்ஸ் கொடுக்க வருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.