ரிமோட் ஐடி: தப்புப் பண்ணினவர் ஒருத்தர், மாட்டினது எல்லாரும்

ட்ரோன் மோதித் தீயணைப்பு விமானத்தின் இறக்கையில் ஓட்டை விழுந்த அந்தப் புகைப்படத்தை மறுபடியும் சுற்றவிட்டிருக்கிறார்கள். "பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுறவங்க எல்லார் மேலயும் ரிமோட் ஐடியை இன்னும் இறுக்கணும்" என்று மேலே ஒரு வரி. ரிமோட் ஐடி என்றால், ட்ரோனும் மாடல் விமானமும் பறக்கும்போது தன் அடையாளத்தையும் இருக்கும் இடத்தையும் ஒலிபரப்ப வேண்டும் என்கிற அமெரிக்க விதி. கீழே வரிசையாக ஆமாம். படிக்கப் படிக்க மனசு வலிக்கிறது.

நடந்தது என்ன? 2025 ஜனவரி 9, லாஸ் ஏஞ்சலிஸ் பாலிசேட்ஸ் தீ. சான்டா மோனிகாவில் ஒரு பார்க்கிங் கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து கிளம்பிய ட்ரோன் 2,500 மீட்டருக்கும் மேல் போய், பறக்கவிட்டவர் கண்ணுக்கே தெரியாத தூரத்தில், கியூபெக்கிலிருந்து உதவிக்கு வந்த சூப்பர் ஸ்கூப்பர் என்னும் தீயணைப்பு விமானத்தில் மோதியது. தீ எரிந்த பகுதிக்கு மேல் பறக்கத் தடை இருந்தது. கண்பார்வைக்குள் பறக்கவிட வேண்டும் என்ற விதியும் இருந்தது. இரண்டையும் மீறினார், குற்றத்தையும் ஒப்புக்கொண்டார். ரிமோட் ஐடி இதில் எதைத் தடுத்திருக்கும்? யார் பறக்கவிடுகிறார் என்று சொல்வதுதான் அதன் வேலை. போகிற ட்ரோனை அது நிறுத்தாது.

அது டிஜேஐ மினி 3 ப்ரோ. சாதாரண பேட்டரியோடு 249 கிராம். வெறும் பொழுதுபோக்குக்கு என்றால் அந்த எடைக்குப் பதிவும் வேண்டாம், ரிமோட் ஐடியும் வேண்டாம். ஆனால் வயலில் மெதுவாக வட்டமடிக்கும் 800 கிராம் ஃபோம் கிளைடருக்கு இரண்டுமே வேண்டும். "அப்போ 249-ஐயும் சேர்த்துடலாமே" என்பீர்கள். சேருங்கள். அன்றைக்கு அந்த ஓட்டை விழுந்தேதான் இருக்கும்.

"ரிமோட் ஐடியை ஒலிபரப்புற ஒரு மாட்யூல் வாங்கி விமானத்துல மாட்டினா முடிஞ்சது, இதுக்கா இவ்வளவு?" என்று கேட்பவர்கள் ஒரு முறை மாட்டிப் பார்க்க வேண்டும். ரிசீவரிலிருந்து 5 வோல்ட் எடுக்கலாம், அது சுலபம். கார்பன் ஃபைபர் தகட்டுக்கு அடியில் வைத்தால் ஜிபிஎஸ் பிடிக்காது. கிளம்பும் இடம் பதிவாகாமல் பறக்கவும் கூடாது. மாட்யூல் வைஃபையிலோ ப்ளூடூத்திலோ கத்திக்கொண்டே இருக்கும். அதை 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர் ஆன்டெனாவை ஒட்டி வைத்தால் கன்ட்ரோல் எட்டும் தூரம் குறையும். சரி, வால் பக்கம் தள்ளி வைக்கலாம் என்றால் விமானத்தின் எடை மையம் (சிஜி) பின்னால் போய்விடும். வாலில் 15 கிராம் ஏறினால் மூக்கில் அதைவிடக் கூடுதலாக ஈயம் வைக்க வேண்டும். சின்ன கிளைடருக்கு இதெல்லாம் பெரிய பாரம். ஒரே மாட்யூலை விமானம் மாற்றி விமானம் மாட்டிக்கொள்ளலாம், பதிவுக்கு மூன்று வருஷத்துக்கு 5 டாலர்தான். அந்த நல்லதையும் சொல்லிவிடுகிறேன்.

பெயரும் முகவரியும் எஃப்ஏஏ என்னும் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையத்துக்கும் காவல்துறைக்கும்தான் தெரியும் என்பது சரி. ஆனால் கிளம்பிய இடம், மாட்யூல் உள்ளேயே வரும் ட்ரோன் என்றால் பறக்கவிடுபவர் நிற்கும் இடம், நொடிக்கு ஒரு தடவை ஒலிபரப்பாகிறது. ஃபோனில் ஒரு ஆப் இருந்தால் யாரும் பார்க்கலாம். பொதுவெளியில் நடப்பதில் என்ன ரகசியம் என்கிற ரீதியில் 2022-ல் நீதிமன்றமும் விதியின் பக்கமே நின்றது. நிற்கட்டும். 2024-ல் ஃப்ளோரிடாவில் வால்மார்ட் டெலிவரி ட்ரோனையே ஒருவர் துப்பாக்கியால் சுட்ட நாடு இது. வயலோரம் தனியாக நிற்கிற பதினைந்து வயதுப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று ஊருக்கெல்லாம் சொல்வதில் எனக்குச் சம்மதமே இல்லை.

"மாட்யூல் வேண்டாம்னா ஃப்ரியா மைதானத்துக்குப் போங்க." ரிமோட் ஐடி இல்லாமலே பறக்கவிட எஃப்ஏஏ அனுமதித்த இடம்தான் ஃப்ரியா. அப்படி மைதானம் எங்கே இருக்கிறது? ஃப்ரியாவுக்கு விண்ணப்பிக்க எஃப்ஏஏ அங்கீகரித்த சங்கத்துக்கும் கல்வி நிறுவனத்துக்கும் மட்டுமே உரிமை. கிடைத்தாலும் 48 மாதம்தான், பிறகு புதுப்பிக்க வேண்டும். சொந்தமாக நாற்பது ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி தன் நிலத்துக்கு ஒன்று கேட்க முடியாது. பக்கத்தில் கிளப் இல்லாத பிள்ளைக்கு என்ன வழி? இதை யாருமே பேசுவதில்லை. எப்போதும் அந்த ஓட்டைப் படம்தான்.

எழுதினால் மாறும். 2019 டிசம்பர் வரைவில் ஒவ்வொரு விமானமும் இணையம் வழியாகவும் தகவல் அனுப்ப வேண்டும் என்று இருந்தது. ஐம்பதாயிரத்துக்கும் மேல் கருத்துகள் போன பிறகு, 2021-ல் வந்த இறுதி விதியில் அது இல்லை. மாட்யூல் கடையில் கிடைக்கவில்லை என்று சொன்ன பிறகு, 2023 செப்டம்பர் 16 கெடுவை 2024 மார்ச் 16 வரை கண்டிப்பில்லாமல் விட்டார்கள்.

அதனால் ஆமாம் போட்டவர்களிடம் கேட்கிறேன். 400 அடிக்குக் கீழ், கண்பார்வைக்குள், தன் சொந்த நிலத்தில் பறக்கவிட ஃப்ரியாவுக்கு நில உரிமையாளரே விண்ணப்பிக்கட்டும் என்று எஃப்ஏஏவுக்கு ஒரு கடிதம் எழுதுவீர்களா?